அண்ணன் மகளும் ஓவிய டீச்சர் வேலையும்

போன மாதம் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். முழுசாக மூன்று நிமிடம். சாரம் இதுதான்: பாப்பா ஓவியம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், படித்து முடித்து ஓவிய டீச்சர் ஆகப்போகிறாளாம், நீ அந்த வேலையில்தானே இருக்கிறாய், அதில் என்ன கிடைக்கும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி அவள் மனதை மாற்று.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். அண்ணன் எதிர்பார்த்தது அது இல்லை. இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதுகூட என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்பதால் இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

நம் ஆட்களின் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஊரில் 'ட்ராயிங் மாஸ்டர்' என்றால் கணக்கு வாத்தியாருக்கு இரண்டு படி கீழேதான் நாற்காலி. 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருடக்கணக்கில் போராடியதை நாமும் செய்தியில் பார்த்தோம். அந்தப் பயத்தைப் பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவந்து, இங்கே பிறந்த பிள்ளையின் முன்னால் பிரிக்கிறோம்.

இங்கே கல்வி அமைச்சின் பள்ளியில் நிரந்தர ஆசிரியராகச் சேர்ந்தால், ஓவியத்துக்கு ஒரு சம்பளம், கணக்குக்கு ஒரு சம்பளம் என்று கிடையாது. ஒரே அளவுகோல். பட்டப்படிப்பு, முன் அனுபவம், தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) செய்தவரா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். நீங்கள் தூரிகை பிடிக்கிறீர்களா, கால்குலேட்டர் பிடிக்கிறீர்களா என்று பார்ப்பதில்லை. தேசியக் கல்விக் கழகத்தில் பட்ட மேற்படிப்புப் பயிற்சிக்கு அனுப்பும்போதே சம்பளம் ஓட ஆரம்பித்துவிடும், கட்டணத்தை அமைச்சு கட்டிவிடும், பதிலுக்கு மூன்று வருட ஒப்பந்தம். 2022 அக்டோபர் 1 முதல் ஏறக்குறைய 35,000 ஆசிரியர்களுக்கு 5 முதல் 10 விழுக்காடு வரை சம்பளத்தை உயர்த்தினார்களே, அதிலும் ஓவிய ஆசிரியரை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.

அப்படியானால் ஓவியம் சொல்லித்தருகிறவர்கள் ஏழைகள் என்ற பேச்சு முழுப் பொய்யா? இல்லை. நானே ஏழு வருடம் அப்படி இருந்தேன்.

பள்ளிக்குள் ஓவியம் சொல்லித்தருகிற எல்லோரும் பள்ளி ஆசிரியர்கள் இல்லை. பிற்பகலில் இணைப்பாட நடவடிக்கைக்கும் பயிலரங்குக்கும் வருகிற பயிற்றுநர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். பள்ளி, ஜீபிஸ் என்ற அரசாங்கக் கொள்முதல் தளத்தில் விலை கேட்கும், நிறுவனங்கள் விலை போடும், வாங்கிய வேலையை அந்த நிறுவனம் என்னைப் போன்றவர்களிடம் மணிக்கணக்கில் பிரித்துக்கொடுக்கும். எனக்கு மணிக்கு 45 வெள்ளி, அதாவது 45 சிங்கப்பூர் டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் பள்ளி அலுவலகத்தில் பிரிண்டர் மேல் கிடந்த தாளில், அதே வகுப்புக்கு அந்த நிறுவனம் போட்டிருந்த விலை கண்ணில் பட்டது. 90 வெள்ளி. அன்று நான் ஈசூனிலிருந்து பத்துக் கிலோ களிமண்ணைத் தள்ளுவண்டியில் கட்டி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன். களிமண் ஈரம் காயாமல் இருக்க முந்தின இரவே துணி சுற்றி, நாற்பது உருண்டைகளாகப் பிரித்து வைத்த நேரத்துக்கும், வகுப்பு முடிந்து கழுவுதொட்டியில் அடைத்துக்கொண்ட மண்ணை விரலால் நோண்டி எடுத்த நேரத்துக்கும் காசு கிடையாது. பிள்ளைகள் முன்னால் நிற்கும் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும்தான் மீட்டர் ஓடும்.

பாப்பாவுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது. வாரத்தில் ஐந்து பிற்பகல், தலா இரண்டு மணி நேரம், ஆகமொத்தம் 450 வெள்ளி. பள்ளி வருடம் 40 வாரம். தேர்வு நெருங்கினால் இணைப்பாட நடவடிக்கையை நிறுத்திவிடுவார்கள், அதைக் கழித்தால் எனக்கு 30 வாரம் தேறும். வருடத்துக்கு 13,500. சனிக்கிழமை ஒரு தனியார் ஓவிய வகுப்பில் மணிக்கு 25 வெள்ளிக்கு ஐந்து மணி நேரம், 48 வாரம். அது ஒரு 6,000. இரண்டையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,625 வெள்ளி.

இதில் முதலாளி போடும் 17 விழுக்காடு சேமநிதி இல்லை. சுயதொழில் செய்பவருக்கு முதலாளியே கிடையாதே! ஆனால் வருட நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கு நாமே கட்டியாக வேண்டும். வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விண்ணப்பிக்க நானும் என் கணவரும் உட்கார்ந்த அன்று, என்னுடைய வருமான வரிக் கணிப்புத் தாளை அவர் ஒரு தடவை பார்த்தார், திருப்பி வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரமே ஆசிரியர் பணிக்கு விண்ணப்பம் போட்டேன்.

ஆகவே என்ன சொல்லித்தருகிறாய் என்பதைவிட, சம்பளச் சீட்டில் முதலாளியாக யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அண்ணன் மட்டுமில்லை, நம்மில் யாருமே அதைக் கேட்பதில்லை.

சரி, பள்ளிக்குள் வந்தபின் எல்லாம் சுகமா? சம்பளத்தில் குறை சொல்ல மாட்டேன். ஏணியில் சொல்வேன். ஆசிரியர்களுக்கு மூன்று பாதைகள்: கற்பித்தல், தலைமைத்துவம், மூத்த வல்லுநர். கற்பித்தல் பாதையில் மூத்த ஆசிரியர், தலைமை நிலை ஆசிரியர், முதன்மை ஆசிரியர் என்று வகுப்பறையை விடாமலே மேலே போகலாம். 2011-இல் கலை ஆசிரியர்களுக்கென்றே ஸ்டார் என்ற பயிற்சிக் கழகத்தையும் தொடங்கினார்கள். வழி இருக்கிறது, படி குறைவு. கணக்குத் துறையில் பத்துப் பதினைந்து பேர் இருக்கும் பள்ளியில் ஓவியத்துக்கு இரண்டு மூன்று பேர்தான். துறைத்தலைவர் பதவியும் ஓவியம், இசை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால், அவர் எழுந்திருக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, மரியாதை. தொடக்கப்பள்ளி முடிவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் ஓவியம் இல்லை. ஆறாம் வகுப்பில் ஆகஸ்ட் வந்தால் "டீச்சர், உங்க ரெண்டு பீரியட் இன்னிக்குக் கடன் தர்றீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அந்தக் கடன் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. பெற்றோரும் அப்படித்தான். 2023-இல் இந்த நாட்டுக் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்குச் செலவிட்டது 180 கோடி வெள்ளி. அந்தச் சனிக்கிழமை வகுப்பில் ஒரு அம்மா, மகனின் கணக்கு டியூஷனுக்குக் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்து "வண்ணமெல்லாம் நீங்களே தருவீங்கதானே" என்று பேரம் பேசினார். அதே அம்மா, ஓவியத் திறமையைக் காட்டி நேரடிப் பள்ளிச் சேர்க்கை வழியாக உயர்நிலைப் பள்ளியில் இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்ததும் மறுவாரமே தனி வகுப்பு கேட்டார். நானும் எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

பாப்பா என்னோடு பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸுக்கு வந்திருந்தாள். அங்கே நீர்வண்ணத் தாள்களைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். நன்யாங் நுண்கலைக் கழகமும் லசால் கலைக் கல்லூரியும் 2024-இலிருந்து கலைப் பல்கலைக்கழகமாகக் கைகோத்து இங்கேயே பட்டம் தருவது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அவளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: பட்டம் வாங்கு, ஒரு வருடம் வெளியில் பயிற்றுநராகக் கஷ்டப்பட்டுப் பார், அதற்குமேல் வேண்டாம், நிரந்தர வேலைக்குப் போடு. ஏழு வருடம் அத்தை வீணாக்கியது போதும். வீணா என்று அவள் திருப்பிக் கேட்டாள். களிமண் உருண்டை பிடிக்கக் கை பழகியது அந்த ஏழு வருடத்தில்தான் என்பதால், சட்டென்று பதில் வரவில்லை.

இரவு அண்ணனுக்கு எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். அவர் அனுப்பியதைவிட என்னுடையது நீளம். அரை மணி நேரம் கழித்து ஒரு வரி வந்தது.

"ஒப்பந்தம் மூணு வருஷம்தானா, அஞ்சா?"