நூறு சதவீதத் தேர்ச்சிக்காகத் தெருவில் விடப்படும் பிள்ளைகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் முளைக்கிறது: 'நூறு சதவீதத் தேர்ச்சி'. பார்த்தாலே வயிறு எரிகிறது. அந்த நூறு கெடாமலிருக்க எத்தனை பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே வெளியே தள்ளினார்கள் என்று எந்த பேனரிலாவது போடுகிறார்களா?

2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்க முடியாது. ஒன்பதில் அந்தக் காவல் போய்விடுகிறது. உடனே ஆரம்பிக்கிறார்கள். கணக்கில் இருபதைத் தாண்டாதவனின் அப்பாவுக்கு போன் வரும். "உங்க பையன் பத்தாவது தாங்க மாட்டான். டிசி வாங்கிக்கங்க, ஒன்பது பாஸ்னு போட்டுத் தர்றோம்." ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கும் மனிதர் என்ன சட்டம் பேசுவார்? கையெழுத்துப் போடுகிறார். பதிவேட்டில் 'பெற்றோர் விருப்பம்' என்று ஏறிவிடுகிறது.

எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு இதுதான் நடந்தது. வேறு பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. மெக்கானிக் ஷாப்பில் எடுபிடி, அப்புறம் பெரிய பையன்களோடு பைக்கில் சுற்றல், அப்புறம் செல்போன் பறித்த வழக்கு, கூர்நோக்கு இல்லம். "அவன் அப்பவே அப்படித்தான்" என்கிறார்கள். இல்லவே இல்லை. பள்ளி இருந்தவரை அவன் பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்.

உள்ளே இருக்கும் பிள்ளைகள் மட்டும் நிம்மதியாகவா இருக்கிறார்கள்? விடிந்ததும் ஸ்பெஷல் கிளாஸ், இருட்டும்வரை டெஸ்ட், விளையாட்டு பீரியடில் கணக்கு. 2012இல் சென்னை பாரிமுனையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியரை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். அதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் மார்க் குறைவென்று டைரியில் எழுதி வீட்டுக்கு அனுப்பியது ஒரு பதினைந்து வயதுப் பையனுக்குள் ஏன் அவ்வளவு பயத்தையும் ஆத்திரத்தையும் கிளப்பியது என்று உட்கார்ந்து யோசித்தோமா? கொஞ்ச நாள் டிவியில் விவாதம், அவ்வளவுதான். 2015இல் வந்த சிறார் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் என்றால் பதினாறு வயதுப் பையனையும் பெரியவனைப் போல விசாரிக்க வழி செய்தது. தண்டிக்க அவ்வளவு வேகம். துரத்திவிட்ட பள்ளியை யார் கேட்டார்கள்?

பரீட்சை எழுதியவர்களை வைத்துத் தேர்ச்சி சதவீதம் போடுவதை முதலில் நிறுத்துங்கள். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் அதே பள்ளியில் பத்து முடித்தவர்கள் எத்தனை பேர், நடுவில் போனவர்கள் இப்போது எங்கே? கல்வித்துறை ஒவ்வொரு பள்ளியிடமும் இந்தக் கணக்கை வாங்கி வெளியிடட்டும்.