எஸ்எல்டி லேசரும் வயதும்: ஒரு திருத்தம்

அறுபதைக் கடந்தவர்களுக்குக் கண் நீர் அழுத்த நோய்க்கான (கிளாக்கோமா) எஸ்எல்டி லேசர், அதாவது கண் நீர் வடியும் பகுதியில் ஒளிக்கதிர் பாய்ச்சி அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சை, பலன் தராது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோத்தகிரியில் நம் வீட்டுப் பெரியவர்கள் இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் பணிவுடன் திருத்துகிறேன். கண் நீர் வடியும் கோணம் மூடிக்கொள்ளாமல் திறந்தே இருக்கும் ‘திறந்த கோண’ வகை நோயில், லேசருக்கு முன் கண் அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பதே பலனை முன்கூட்டிக் காட்டும் காரணியாக ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்துள்ளது; அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பொதுவாக அதிகமாகக் குறைகிறது. வயதுக்கு அத்தகைய உறுதியான தொடர்பு காணப்படவில்லை. முதல் சிகிச்சையாக இந்த லேசரையும் சொட்டு மருந்தையும் ஒப்பிட்டு, 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பிரிட்டனின் லைட் (LiGHT) ஆய்வுக் கட்டுரையை இணையத்தில் கட்டணமின்றி எவரும் படிக்கலாம்: பங்கேற்றோரின் சராசரி வயது ஏறத்தாழ 63, முதலில் லேசர் பெற்றவர்களில் 74 விழுக்காட்டினருக்கு மூன்றாண்டு முடிவிலும் சொட்டு மருந்து தேவைப்படவில்லை. உங்கள் கண் அழுத்த அளவு மருத்துவச் சீட்டிலேயே இருக்கும். அதைக் காட்டி மருத்துவரிடம் கேளுங்கள்.