அந்த 40 வினாடி வீடியோவை எடுத்துவிடுங்கள்

ரெண்டு நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எந்த வீடியோ என்று நான் சொல்லத் தேவையில்லை, தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வரைக்கும் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிவிட்டது. பி.எட். வகுப்பில் ஒரு பெண் கரும்பலகை முன்னால் நின்று ‘ஸ்பெக்ட்ரம்’ என்ற சொல்லில் மூன்று முறை திக்குகிறாள், பின்னாலிருந்து யாரோ சிரிக்கிறார்கள், அதோடு முடிகிறது. ‘இவங்கதான் நாளைக்கு உங்க பிள்ளைக்கு டீச்சர்’ என்று மேலே எழுதியது யார் என்று எனக்கும் தெரியும், உங்களில் பாதிப் பேருக்கும் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

நான் அந்த வகுப்பில்தான் படிக்கிறேன். வீடியோவின் ஓரத்தில் ஒரு தோளும் பின்னலும் தெரிகிறதே, அது நான். அதனால் சொல்கிறேன், அந்த 40 வினாடிக்குப் பிறகு 20 நிமிடம் இருந்தது. அந்த 20 நிமிடத்தை எடுத்தவர் ஏன் போடவில்லை?

எங்கள் பாடத்தில் மாற்றுத்திறன் வகைகளைக் குழுக்களாகப் பிரித்துப் பேச வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7தான் இருந்தது. பழைய பட்டியலில் ஆட்டிசமும் (பேசுவது, பழகுவது, சத்தம் வெளிச்சத்தைத் தாங்குவது எல்லாம் வேறு மாதிரி இருக்கும் நிலை) கிடையாது, கற்றல் குறைபாடும் கிடையாது. எங்கள் குழுவுக்குப் பார்வைக் குறைபாடு வந்தது. அந்தப் பெண்ணின் குழுவுக்கு ஆட்டிசம். அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக இருப்பதால்தான் ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்’ என்கிறார்கள், அவள் திக்கியது அந்தச் சொல்லில்தான். ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறவள், வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள்.

திக்கிய பிறகு அவள் தாளைக் கீழே வைத்துவிட்டாள். ‘யாராவது ஒருத்தர் வாங்க’ என்றாள். நான் போனேன். ஒரு பத்தியைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசிக்க ஆரம்பித்ததும் ஒருத்தி எவர்சில்வர் தட்டில் கரண்டியால் கீற ஆரம்பித்தாள், இன்னொருவன் டியூப்லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தான், ரெண்டு போனில் ரெண்டு பாட்டு, கழுத்துக்குப் பின்னால் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றினார்கள். மூன்றாவது வரியில் எனக்கு வாய் வரவில்லை. தாளைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டேன். அப்போது அவள் சொன்னாள், திக்காமல் சொன்னாள்: ‘நமக்கு இது ரெண்டு நிமிஷம். சில பிள்ளைகளுக்குக் கல்யாண மண்டபத்துல, ஸ்கூல்ல, பஸ் ஸ்டாண்டுல எப்பவும் இப்படித்தான் இருக்கும்.’

என் தம்பிக்கு இப்போது 24 வயது. சின்ன வயதில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கெட்டிமேளம் தொடங்கியதும் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். தவில் இல்லாமல் நம் பக்கம் கல்யாணம் ஏது? சொந்தக்காரர்கள் முன்னால் மானம் போகிறது என்று அம்மா அவன் தொடையில் கிள்ளுவாள். அவன் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் திரும்ப இழுத்து வந்தது நான். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு கல்யாணத்திலும். ‘திமிர்’ என்று பெரியப்பா சொன்னார், ‘கூச்ச சுபாவம்’ என்று டாக்டர் சொன்னார், ‘இவன் உருப்பட மாட்டான்’ என்று வகுப்பாசிரியர் சொன்னார். எட்டாவதோடு நின்றான். பேச்சு சரியாக வரவில்லை என்று இன்னம்பூர் எழுத்தறிநாதர் கோயிலில் நெல்லால் நாக்கில் எழுதவும் செய்தோம். கோயிலுக்குப் போனதை நான் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் போவேன். கோயிலைத் தவிர வேறு எங்கே போக வேண்டும் என்று எங்களுக்கு யாருமே சொல்லவில்லை, அதுதான் வயிறு எரிகிறது.

படித்தவர்கள் சொல்லவில்லை. ‘ஸ்பெக்ட்ரம்’ என்று சொல்லத் தெரியாதவள்தான் சொன்னாள்.

சரி, ‘பேராசிரியர் நடத்த வேண்டியதைப் பிள்ளைகளை விட்டு நடத்தச் சொன்னால் தப்பும் தவறுமாகத்தானே வரும்’ என்று கேட்கிறீர்கள். வரும். வந்தது. ஐன்ஸ்டைன் படத்தைப் போட்டு அவருக்கும் ஆட்டிசம் என்றார்கள், அவரை யாரும் பரிசோதித்ததில்லை, மேடம் உடனே அதை எடுக்கச் சொன்னார். ஒருவன் எழுந்து, ‘தடுப்பூசியாலதான இது வருது, அதனாலதான் என் அக்கா வீட்டில போடல’ என்றான். மேடம் அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னார்: 1998இல் லேன்செட் என்ற மருத்துவ இதழில் வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து, தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதியது, அதில் முறைகேடு இருந்தது தெரிந்து 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது, வேக்ஃபீல்டு மருத்துவப் பதிவையே இழந்தது, பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துத் தேடியும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு கிடைக்காதது. மேடம் மட்டும் நின்று ஒரு மணி நேரம் நடத்தியிருந்தால் அவன் அதைக் கேட்டிருப்பானா? வாயைத் திறந்திருக்க மாட்டான். தன்னைப் போல ஒருத்தி முன்னால் நின்றதால்தான் மனதில் இருந்ததை எடுத்து வெளியே வைத்தான். மறுநாளே அக்காவுக்குப் போன் செய்து பேசினான் என்று எங்களிடம் சொன்னான். இதைக் கற்றல் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அடுத்த வாரம் கற்றல் குறைபாட்டுக் குழு. அவர்கள் கரும்பலகையில் ‘கொக்கு’ என்று எழுதினார்கள். எழுதும்போது முதலில் வருவது ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். வாய் சொல்லும்போது க்தான் முதலில் வருகிறது, கொம்பும் காலும் சேர்ந்துதான் ஒ. கண்ணுக்கு ஒரு வரிசை, காதுக்கு வேறு வரிசை. நமக்குப் பழகிவிட்டதால் தெரியவில்லை, எழுத்தையும் ஒலியையும் பிணைப்பதே சிரமமாக இருக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய மலை என்று கேட்டார்கள். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண கதை தனி. நான் மூன்று வருடமாக வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஒரு பையன் கொம்பை எப்போதும் எழுத்துக்குப் பின்னால் போடுவான். வெண்ணாற்றுத் தண்ணீர் எந்த மதகில் பிரிந்து எந்த வாய்க்கால் வழியாக அவர்கள் வயலுக்கு வருகிறது என்று மூச்சு விடாமல் வாயால் சொல்வான், எழுதச் சொன்னால் ஒரு வரி தேறாது. சோம்பேறி என்று நினைத்து 50 தடவை எழுத வைத்தேன். விரல் சிவந்து போய் எழுதினான். இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆள் உண்டு, கூடுதல் நேரம் உண்டு. அவன் அம்மாவுக்கு நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முன்னால், திட்டியதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

‘சும்மா ஜாலிக்குத்தானே போட்டோம், இதுக்குப் போய் இவ்வளவா’ என்று கமெண்டில் கேட்டவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

‘தம்பி கதையைச் சொல்லி அனுதாபம் தேடுகிறாள்’ என்று இதன் கீழேயும் ஒருவர் எழுதுவார். அனுதாபமா? அண்ணா, எங்கள் வீட்டுக்கு அனுதாபம் வந்து வந்து நிரம்பிவிட்டது. கிரகணத்தில் வெளியே வந்தாள், டிவி காட்டி வளர்த்தாள், பிள்ளையைக் கொஞ்சத் தெரியவில்லை என்று அம்மாவைப் பேசாத வாய் எங்கள் தெருவில் இல்லை. இது நம் தெருவோடு நிற்கவும் இல்லை. அமெரிக்காவிலேயே ஒரு காலத்தில் பெரிய பெரிய மருத்துவர்கள் தாயின் பாசமின்மைதான் காரணம் என்றார்கள். 1964இல் ரிம்லண்ட் என்பவர், அவரே ஆட்டிசம் உள்ள மகனின் அப்பா, அது தப்பு என்று புத்தகம் எழுதினார். ஆட்டிசம் குழு அன்றைக்கு இதையும் சொன்னது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. வேரைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். கீரை முழுதும் தீர்ந்த பிறகு, ‘நெசமாவா? என்னால இல்லியா?’ என்றாள். 24 வருஷம்!

அரசுப் படிவத்தில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று ஒரு சொல்லைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டிசத்துக்கு வைத்த பெயர். அந்தப் பெயரை முதலில் மாற்றுங்கள். என் தம்பி தினமும் சாயங்காலம் 4 மணிக்குக் குடமுருட்டிப் படித்துறைக்குப் போவான். எத்தனை படி தண்ணீரில் இருக்கிறது என்று எண்ணிவிட்டு வந்து சொல்வான். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டதா என்று எங்கள் தெருவில் முதலில் அவனிடம்தான் கேட்பார்கள். ‘நாலு படி’, ‘ஏழு படி’, அவ்வளவுதான் சொல்வான். இவனுக்கா புற உலகச் சிந்தனை இல்லை? உடனே ‘கடவுள் ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுப்பார்’ என்று வராதீர்கள். இது அதிசயத் திறமை இல்லை, அவனுக்கு அது பிடிக்கிறது, செய்கிறான். எந்தத் திறமையும் இல்லாத பிள்ளையையும் கிள்ளாமல் வளர்க்கலாம்.

எங்கேயோ தொடங்கி எங்கேயோ வந்துவிட்டேன், தெரிகிறது. நான் கேட்பது ஒன்றுதான். அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். எனக்கு 29 வயது, என் தம்பியைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆனது, புரிய வைத்தவளைத்தான் ஊரே பார்த்துச் சிரிக்கிறது. ஒரு ஆங்கிலச் சொல் வாயில் நுழையாததற்கு. ஆசிரியர் என்றால் தடங்கல் இல்லாமல் பேச வேண்டும் என்கிறீர்கள், என் தம்பிக்குப் பாடம் எடுத்த எல்லாரும் தடங்கல் இல்லாமல்தான் பேசினார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் அவளுக்குக் கற்பித்தல் பயிற்சி தொடங்குகிறது, ஆறாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள்.