திரும்பி வராத மொய்

எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் மொய் என்றால் அன்பளிப்பு இல்லை. யார் எவ்வளவு செய்தார்கள் என்று நோட்டில் இருக்கும். அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் சொந்தமே முறிந்துபோகும்.

என் நண்பன் பதினெட்டு வருஷம் எல்லா வீட்டுக்கும் மொய் செய்தான். ஒரு ரூபாய் திரும்பி வந்ததில்லை. அவன் வீட்டில் விசேஷமே நடக்கவில்லை. கல்யாணம் ஆகவில்லை, அவனும் அம்மாவும் மட்டும்தான். போன சித்திரையில் இறந்துவிட்டான். 38 வயது.

சொந்தமாக ஒரு குட்டியானை வைத்து லோடு அடித்துக்கொண்டிருந்தான். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, ஊரில் திரட்டிய பாய், போர்வை, பிரட் எல்லாவற்றையும் அந்த வண்டியில்தான் கொண்டுபோனோம். டீசலுக்கு நாங்கள் கொடுத்த காசையும் பிரட் வாங்கவே செலவழித்தான்.

ரத்த தானம் செய்வதில் இன்னும் மும்முரம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். கொடுத்த அன்றைக்கே அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிடுவான். என் மகள் டெங்குவோடு மதுரை பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது தட்டணுக்கள் விறுவிறுவென்று இறங்கின. தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் தேவைப்படும்போது ஆள் வந்து கொடுத்தால்தான் உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு நான்கு பையன்களை எழுப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றான். அவள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள்.

நடுராத்திரியில் ஊரில் யாருக்கு மூச்சு முட்டினாலும், யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் அவன் போன்தான் அடிக்கும். "வண்டி இருக்கா மாப்ள?" என்று கேட்டு முடிப்பதற்குள் "இந்தா வந்துட்டேன்" என்பான்.

கடைசி நாள் சாயங்காலம் டீக்கடையில் நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க வியர்வை. இடது தோளும் வலிக்கிறது என்றான். "வாயுதான் மாப்ள, மத்தியானம் பரோட்டா சாப்ட்டேன்" என்று சொல்லி ஒரு சோடா குடித்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "சரி, போய்ப் படு" என்றேன். விடியற்காலையில் அவன் அம்மா எழுப்பியபோது உயிர் இல்லை.

துக்க வீட்டில் வந்தவர்கள் எல்லாம் "நல்லவனுக்கு ஆயுசு கம்மி" என்றார்கள். அந்தப் பேச்சை என்னால் தாங்க முடியவில்லை. அவன் நல்லவனாக இருந்ததற்கும் செத்துப்போனதற்கும் என்ன சம்பந்தம்? நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி, இவையெல்லாம் மாரடைப்பின் அறிகுறிகள். நேரம் போகப் போக இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். உடனே போய் ஒரு ஈசிஜி எடுத்திருக்க வேண்டும். 'இதயம் காப்போம்' என்று 2023-லிருந்து ஒரு திட்டமே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகளை முதலில் கொடுத்து, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். 108-ஐக் கூப்பிட்டிருக்கலாம். அதுகூட வேண்டாம், அவன் குட்டியானை டீக்கடை வாசலில்தான் நின்றது. எனக்கும் வண்டி ஓட்டத் தெரியும்.

எத்தனையோ பேரை ஏற்றிக்கொண்டு போனவனுக்குத் தனக்கென்று ஒருவரைக் கூப்பிடத் தெரியவில்லை. எங்களுக்கும் அவனிடம் கேட்டுத்தான் பழக்கம். அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளாவது கேட்டோமா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவன் மொய் செய்த வீடுகளில் எல்லாம் பணம் திரட்டி அம்மாவிடம் கொண்டுபோனோம். வாங்கவில்லை. "எதுக்குப்பா? திருப்பிச் செய்ய இந்த வீட்ல யாரு இருக்கா?" என்றார். அதற்கு மேல் எங்களால் பேச முடியவில்லை. பணம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

போன வாரம் போயிருந்தேன். தட்டில் சோறு போடும்போது பாதி வெளியே விழுந்தது. கண்ணில் புரை என்றார். சித்திரை கழிந்ததும் மதுரைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று அவன் சொல்லி வைத்திருந்தானாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உனக்கு வேலை இருக்கும்ல" என்றார்.

திங்கட்கிழமை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகிறோம். ஆறு மணிக்கே கிளம்பி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.