பெயரில்தான் ஹாம்பர்க்

ஹாம்பர்கர் பான்ஹோஃப் என்ற சமகாலக் கலை அருங்காட்சியகம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது இருப்பது பெர்லினில். அந்தக் காலத்தில் பெர்லினின் பெரிய ரயில் நிலையங்கள் பலவற்றுக்கு, வண்டி போய்ச் சேரும் ஊரின் பெயரையே வைத்தார்கள். ஹாம்பர்க் வண்டி புறப்பட்ட நிலையம் இது. 1884-இல் இங்கே ரயில் போக்குவரத்து நின்றுபோனது. 1906-இல் போக்குவரத்து அருங்காட்சியகம், பழுதுபார்த்த பிறகு 1996-இலிருந்து சமகாலக் கலை.

சந்தேகமிருந்தால் இணைய வரைபடத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள்: பெர்லின் மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், இன்வாலிடென் தெருவில், இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும். பயணம் திட்டமிடுபவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரமாவது ஆகும்.