டிரஃபால்கர் மாலுமிகளுக்கு ஏது சீருடை?
1805-இல் பிரிட்டிஷ் கடற்படை பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களோடு மோதிய டிரஃபால்கர் போரைக் காட்டும் டயோராமாவில் (சிறு பொம்மைகளால் அமைத்த காட்சி) பீரங்கி மாலுமிகள் எல்லோரும் ஒரே நீலச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில் நிற்பதை வரலாற்றுத் துல்லியம் என்று அதைப் பற்றிய இந்தக் கட்டுரை பாராட்டுவது சரியாகப் படவில்லை. பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரிகளுக்கு 1748-லேயே சீருடை வந்துவிட்டது; சாதாரண மாலுமிகளுக்கு 1857-இல்தான். அதுவரை கப்பலில் விலைக்கு வாங்கியது, தானே தைத்தது என்று ஆளுக்கொரு உடை. நான் இப்படிப்பட்ட பொம்மைகளுக்கு வண்ணம் பூசும்போது ஒரே பீரங்கிக் குழுவில் கட்டம் போட்ட சட்டை, கோடு போட்டது, வெற்றுடம்பு எல்லாம் கலந்துதான் வைப்பேன். காதை மூடித் தலையில் கட்டிய துணியை விடவே மாட்டேன். கப்பலில் இருந்த சிவப்புக் கோட்டுச் சிப்பாய்களான மரைன்களுக்குத்தான் ஒரே சீருடை பொருந்தும். அப்புறம், டயோராமாவில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலின் மஞ்சள் பட்டை வெளிறிக் கிடக்கிறது என்று மேலே கருத்து எழுதிய ஒருவர் குறை சொல்லியிருக்கிறார். பழைய வண்ண அடுக்குகளை ஆராய்ந்த பிறகு, 2015-இல் இன்றும் பாதுகாக்கப்படும் அசல் கப்பலுக்கே இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறம்தான் பூசினார்கள்.