கம்பி மெலிசு என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

மோட்டார் பூட்டிய என் சைக்கிளில் இன்றைக்கும் சில்லுக் கம்பி ஒன்று அறுந்துபோய்விட்டது. டிக்கோயாவிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வழியில் பின்சில்லில் 'டிங்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் ரிம் பிரேக் கட்டையில் உரசிக்கொண்டே வந்தது. மூன்று மாதத்தில் இது ஏழாவது கம்பி. மழையில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தால், கொழுந்து நிறுக்க நின்ற அக்கா ஒருவர், "என்னா தம்பி, மோட்டரு வச்சும் தள்ளிக்கிட்டா போற?" என்கிறார்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கிழமைக்கு 4 லீட்டர் பெற்றோலுக்கு கியூஆர் காட்டி வரிசையில் நின்ற வயிற்றெரிச்சலில்தான் பழைய சைக்கிளுக்கு மோட்டார் பூட்டும் எண்ணமே வந்தது. மோட்டாரில் குறையில்லை, பற்றரியிலும் குறையில்லை. எல்லா வில்லங்கமும் இந்த 36 கம்பியில்தான்.

எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே பாட்டு: "கம்பி மெலிசு, தடிப்பா போடுங்க." சரி என்று 12 கேஜ் போட்டேன். அதன் நிப்பிள் (கம்பி நுனியை ரிம்மில் இறுக்கும் சின்னத் திருகு) ரிம் ஓட்டைக்குள் போகவில்லை என்று சைக்கிள் திருத்தும் பாஸ் என்னைக் கேட்காமலே ட்ரில் போட்டு 36 ஓட்டையையும் பெருப்பித்துவிட்டார். அவ்வளவு தடித்த கம்பியை இழுத்து இறுக்கினால் இந்த ரிம் தாங்காது, அதனால் முறுக்கியதும் அரைகுறை. வீடு வருவதற்குள் தளர்ந்துவிட்டது. கம்பி பாரத்தில் அறுவதில்லை ஐயா, தளர்வில் அறுகிறது! சில்லு உருளும்போது கீழே வருகிற கம்பி ஒவ்வொரு சுற்றுக்கும் தளர்ந்து தளர்ந்து இறுகுகிறது, ஏற்கெனவே தொய்வாக இருந்தால் ஹப்பில் (சில்லின் நடுக் குடம்) கொளுவியிருக்கும் அந்த வளைவில் ஆடி ஆடி ஒருநாள் பட்டென்று போகும். ஏழில் ஐந்து அங்கேதான் போயின.

மற்ற இரண்டும் நிப்பிள் அடியில். சாதாரண ஹப் உள்ளங்கைக்குள் அடங்கும், மோட்டார் ஹப்போ சாப்பாட்டுத் தட்டு அளவு. அதில் வழமைபோல மூன்று குறுக்குப் பின்னினால், அதாவது ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்றைக் குறுக்கே கடக்கும்படி கட்டினால், கம்பி ரிம்முக்குச் சரிந்து போகும், நிப்பிள் நேராக நிற்கும், இரண்டும் சேரும் இடத்தில் மடிந்து முறியும். ஒரு குறுக்கே போதும். "மூணு குறுக்கு இல்லாட்டி பலமில்ல தம்பி, முப்பது வருசமா கட்டுறேன்" என்றார் பாஸ். முப்பது வருடமும் கட்டியது மோட்டார் இல்லாத சில்லு என்று எப்படிச் சொல்வது? வயதில் மூத்தவர். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் நானே உட்கார்ந்து அளந்தேன். நிப்பிள் உட்காரும் வட்டத்தின் விட்டம் 540, ஹப் ஓட்டை வட்டத்தின் விட்டம் 240, ஒரு குறுக்கு. கணக்குப் போட்டால் கம்பி நீளம் 162 மில்லிமீட்டர். ஹட்டனிலும் இல்லை, நுவரெலியாவிலும் இல்லை, நீளக் கம்பியை வெட்டிப் புரி போடும் மெஷினும் நான் விசாரித்த எந்தக் கடையிலும் இல்லை (மலையில் சைக்கிள் வைத்திருப்பவனே அபூர்வம், அவர்களைக் குறை சொல்லமாட்டேன்). கொழும்புக் கடை ஒன்றுக்கு அளவைத் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்பி, காசும் கட்டிப் பத்து நாள் காத்திருந்தேன்.

இன்றைக்கு ஹட்டனுக்குப் போனதே அந்தப் பார்சலை எடுக்கத்தான். நனைந்துபோய் வீட்டுக்கு வந்து பிரித்து அடிமட்டத்தை வைத்தால், 262.

போன் எடுத்தேன்.

"சைக்கிளுக்கு 262 தானே வரும் அண்ணே, நீங்க ஒரு இலக்கம் மாத்தி எழுதிட்டீங்கன்னு நாங்களே திருத்தி அனுப்பினோம்."